தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்லும் மகான்களே

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் காடி (கார்தான்) சூடேறுகிறது என்று வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள். டீ ஆற்றுகிறவரிலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர் வரை எல்லோர் கையிலும் ஒரே மருந்து தயாராக இருக்கும். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு தம்பி. நம்ம ஊருக்கு அது எதுக்கு? இங்க என்ன பனியா கொட்டுது?"

பனி கொட்டவில்லை, சரி. வெளியே 33 டிகிரி என்றால் எஞ்சினுக்குள்ளும் 33 டிகிரியா? எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடுகிற அந்தச் சின்ன வால்வு வாய் திறப்பதே 82, 88 டிகிரி வாக்கில்தான். எஞ்சின் சீக்கிரம் அந்தச் சூட்டுக்கு வந்து அங்கேயே நிற்கட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். அதைப் பிடுங்கிவிட்டால் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே கிடக்கும். எஞ்சினை ஆட்டுவிக்கும் கணினியான இசியு அதைப் பார்த்து ஏமாந்து பெட்ரோலைக் கூட ஊற்றும். மூடியபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் காடியைக் கொதிக்கவிடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சட்டி வெந்நீர் போதுமே! போட்டால் திறக்கிறதா இல்லையா, கண்ணால் பார்த்துவிடலாம். அதைக்கூடச் செய்யாமல், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் காடியில் இருந்ததைப் பட்டறையில் கழற்றிக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

என்னுடையது புரோட்டோன் வீரா, 1.3 லிட்டர். உள்ளே இருந்த 4ஜி13 எஞ்சினுக்கு வயதாகிவிட்டது. எண்ணெய் குடித்தது, புகை கக்கியது. பழைய காடிகளின் முன்பாதியை எஞ்சினோடு வெட்டி விற்கிற ஹாஃப்கட் கடையில் 4ஜி93 ஒன்றை எடுத்து மாற்றினோம், 1.8 லிட்டர். வீராவின் 1.8 மாடலிலேயே வந்த எஞ்சின்தான், ஊர் பேர் தெரியாத சாமான் ஒன்றுமில்லை. மாற்றியது இங்குள்ள ஒரு பட்டறை. பெயர் வேண்டாம், ஊர் சிறியது.

மாற்றிய நாளிலிருந்து ஒரே நோய். மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் மேட்டில் மூச்சு முட்ட ஏறினாலும் ஊசி பாதிக்குக் கீழே ஆடாமல் நிற்கும். ஈப்போ டவுனுக்குள் நுழைந்து சிவப்பு விளக்கில் நின்றால் போதும், மெல்ல ஏற ஆரம்பிக்கும். ஏர்கோன் போட்டிருந்தால் இன்னும் வேகமாக ஏறும். பச்சை விழுந்து காடி நகர்ந்ததும் தானாக இறங்கிவிடும். இதைப் பட்டறையில் ஒவ்வொரு முறையும் சொன்னேன். படித்தவன் மாதிரி பேசாதே என்பது போல ஒரு பார்வை.

அண்ணே, பாதி விடை அதிலேயே இருக்கிறதே! ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரில் தானாக வந்து அடிக்கிறது. நிற்கும்போது விசிறியை விட்டால் வேறு கதி இல்லை. ரேடியேட்டர் சிறியது, அடைத்திருக்கிறது, வாட்டர் பம்ப் தள்ளவில்லை என்றால் மேட்டில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மேட்டில் ஒன்றும் ஆகாமல் சிக்னலில் மட்டும் கொதிக்கிறது என்றால் எங்கே பார்க்க வேண்டும்?

அவர்கள் பார்த்தது என் பர்ஸை.

முதலில் ரேடியேட்டர். "1.3க்கு வந்தது 1.8க்குப் பத்தாது பாஸ்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அலுமினியத்தில் இரட்டை அடுக்கு போட்டார்கள். நோய் அப்படியே. அப்புறம் ரேடியேட்டர் மூடி. மூடியைக் குறை சொல்ல மாட்டேன். 0.9 பார் அழுத்தம் பிடிக்கிற மூடி நன்றாக இருந்தால் தண்ணீர் 100ஐத் தாண்டி 120 டிகிரி கிட்டே போன பிறகுதான் கொதிக்கும், அதனால் அது முக்கியம். ஆனால் துருப் பிடிக்காமல் காக்கும் கூலன்டை வடித்துவிட்டு வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றிய ஆளுக்கு மூடியைப் பற்றிப் பேச என்ன அருகதை? துருப் பிடித்தால் யார் பதில் சொல்வது? புது எஞ்சின் ஏற்றினால் உள்ளே காற்று மாட்டும், அதை மட்டும் பொறுமையாக எடுத்தார்கள். ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து வந்ததுதான் உச்சம். "கேஸ்கட் போயிருக்கும் பாஸ். ஹெட்டை இறக்கிடுவோம்." ஹெட் என்பது எஞ்சினின் மேல் பாதி, அதற்குக் கீழே தண்ணீரும் எண்ணெயும் வாயுவும் கலக்காமல் அடைத்திருக்கும் தகடுதான் கேஸ்கட். இருமல் என்று போனவனுக்கு நெஞ்சைப் பிளக்கத் தேதி குறிக்கிற மாதிரி. கேஸ்கட் போன அடையாளம் ஒன்றுமே இல்லை. எண்ணெயில் பால் நிறம் இல்லை. வெள்ளைப் புகை இல்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்து ஓடவிட்டால் ரேடியேட்டரில் குமிழி இல்லை. எக்ஸாஸ்ட் வாயு கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறுகிற ஒரு திரவம் இருக்கிறது, அதை வைத்துப் பாருங்கள் என்றேன். "அதெல்லாம் பெரிய கடையில இருக்கும்" என்றார். அந்தத் திரவம் இல்லையாம், ஹெட்டை இறக்க ஸ்பேனர் மட்டும் இருக்கிறதாம்!

இன்னொருவர் வந்து மீட்டர் பொய் சொல்கிறது என்றார். இதில் விஷயம் உண்டு. இசியுவுக்குப் போகும் சென்சார் வேறு, மீட்டர் ஊசிக்குப் போகும் சென்சார் வேறு. எஞ்சின் மாற்றும்போது பொருந்தாத சென்சார் வந்துவிட்டால் ஊசி கண்டபடி காட்டும். அதனால் துப்பாக்கி மாதிரி இருக்கிற இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்றை வாங்கினேன். பளபளக்கும் அலுமினியத்தில் அடித்தால் அது குறைத்துக் காட்டும், ரப்பர் குழாயில் அடிக்க வேண்டும், இல்லை கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அடிக்க வேண்டும். காடியை நிறுத்தி ஓடவிட்டு, ஊசி ஏறியதும் ரேடியேட்டரின் மேல் குழாயில் அடித்தேன், கீழ்க் குழாயில் அடித்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு. தண்ணீர் சுற்றுகிறது, ஆனால் ரேடியேட்டர் சூட்டை வெளியே விடவே இல்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை.

"ஃபேன்தான் சுத்துதே, பாருங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சுற்றத்தான் செய்தது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒரு ஜீவன் பார்க்கவில்லை. முன் கிரில்லில் ஒரு டிஷ்யூ தாளைக் காட்டினேன். விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் இருப்பது, முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டியது. தாள் கிரில்லில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். என் மூஞ்சியில் பறந்து வந்து அடித்தது!

ஹாஃப்கட்டோடு வந்த விசிறியின் பிளக் வீராவின் வயரோடு பொருந்தவில்லை. வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறார்கள், இரண்டு வயரும் இடம் மாறி. டிசி மோட்டாருக்கு அது போதும், எதிர்ப்பக்கமாகச் சந்தோஷமாகச் சுற்றும். எஞ்சின் சூட்டை ரேடியேட்டர் வழியாக முன்னால் தள்ளியிருக்கிறது, பக்கத்திலிருக்கும் ஏர்கோன் விசிறி அந்தச் சூட்டையே திரும்ப உள்ளே இழுத்திருக்கிறது. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றின் வேகத்தில் இது தெரியாமல் போய்விட்டது. ஒரு தாள். அதற்கு முன்னால் ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஹெட்!

காடியைப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அதான், ஃபேன் பிரச்சினையா இருக்கும்னு நான் அப்பவே நினைச்சேன்" என்றார். எப்போது நினைத்தீர்கள் அண்ணே? ரேடியேட்டருக்குக் காசு வாங்கும்போதா? காடியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் எஞ்சின் நம்பரை மாற்றுவதற்கு எஞ்சின் வாங்கிய ரசீதை இன்னும் தரவில்லை, அதையும் கேட்டேன். அடுத்த வாரம் என்றார். போன மாதமும் அடுத்த வாரம்தான்.

இரண்டு வயரையும் மாற்றி முறுக்கி, புது டேப் சுற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வயரிங் கூலி ஐம்பது வெள்ளியாம். என் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வையுங்கள், அப்புறம் கூலியைப் பேசலாம் என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.