கொள்ளை வேகவைத்தால் புரதம் அழிந்துவிடுமா?

“கொள்ளையும் முட்டையையும் வேகவைத்தால் புரதம் செத்துவிடும், பச்சையாகவே உண்ணுங்கள்” என்ற செய்தி தருமபுரி, கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு, உயிர்வேதியியல் படிக்கும் மருத்துவ மாணவர்களே இதைப் பகிர்வது கவலை தருகிறது.

வெப்பம் குலைப்பது புரதத்தின் மடிப்பைத்தான். அந்த மடிப்பைத் தாங்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்கின்றன. நீரை விலக்கும் லியூசின், வேலின் போன்ற அமினோ அமிலங்களின் (புரதத்தின் கட்டுமான அலகுகள்) பக்கச் சங்கிலிகள் உள்ளே ஒடுங்கியிருந்த அமைப்பும் கலைகிறது. ஆனால் அமினோ அமிலங்களைக் கோத்து நிற்கும் பெப்டைடு பிணைப்புகள் வழக்கமான சமையல் வெப்பத்தில் பெரும்பாலும் அறுவதில்லை என்பதால், முதல்நிலை அமைப்பு, அதாவது அமினோ அமிலங்களின் வரிசை, நிலைத்திருக்கிறது. அவிழ்ந்த சங்கிலியில் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களை அடுத்துள்ள பிணைப்புகள், புரதத்தைச் செரிக்கும் நொதியான டிரிப்சினுக்கு எளிதில் எட்டுகின்றன. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், வெந்த முட்டைப் புரதம் சுமார் 91 விழுக்காடும் பச்சை முட்டைப் புரதம் சுமார் 51 விழுக்காடும் செரித்தன.

பச்சைக் கொள்ளிலோ டிரிப்சினையே தடுக்கும் புரதங்கள் உள்ளன. அவற்றைப் பெருமளவு முடக்குவது வேகவைத்தல்தான்.

அஞ்ச வேண்டியது கருக வறுப்பதற்கே: அப்போது லைசின் சர்க்கரையோடு வினைபுரிந்து ஓரளவு பயனற்றுப்போகிறது. லைசின் குறைந்த ராகிக் களியோடு கொள்ளுக் குழம்பு சேரும்போது, அந்தக் குறையைக் கொள்ளு ஈடுசெய்கிறது.