பெரிய பிரிண்டுக்கு 300 டிபிஐ கட்டாயமா?

"ஓவியப் பிரிண்ட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது பிக்சல்) இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மங்கிவிடும்" என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. இது தவறு. இதை நம்பி நல்ல படங்களைப் பிரிண்ட் போடாமலே வைத்திருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

300 என்பது கையில் பிடித்து, சுமார் 30 செ.மீ. தூரத்தில் பார்க்கும் படத்துக்கான கணக்கு. நல்ல பார்வையுள்ள கண் அந்தத் தூரத்தில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 புள்ளிகள் வரைதான் பிரித்தறியும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 87. இரண்டு மீட்டரில் 44. சுவரில் மாட்டிய ஐந்தடிப் படத்தை ரசிக்க எல்லோரும் தள்ளித்தானே நிற்கிறோம்?

24 மெகாபிக்சல் கேமராவின் 6000 x 4000 படத்தை 60 x 40 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 100 பிக்சல் கிடைக்கும். தாராளமாகப் போதும். அதற்கே 300 கேட்டால் 216 மெகாபிக்சல் வேண்டும்! 2015-ல் ஆப்பிள், ஐபோன் 6-ன் 8 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படங்களைப் பெரிய விளம்பரப் பலகைகளிலேயே வைத்தது.

போட்டோஷாப்பில் டிபிஐ எண்ணை 72-லிருந்து 300 என்று மாற்றினால் தரம் கூடும் என்பதும் சரியல்ல. ரீசாம்பிள் (பிக்சல் எண்ணிக்கையையே மாற்றுவது) செய்யாமல் மாற்றினால் ஒரு பிக்சல்கூட அதிகமாகாது, அச்சளவுதான் சுருங்கும். ரீசாம்பிள் செய்தால் மென்பொருள் ஊகித்து நிரப்பும்.

நுண்ணிய கோட்டோவியம், எழுத்துள்ள படம் என்றால் கிட்டே போய்ப் பார்ப்பார்கள். அதற்கு 150 முதல் 200 வரை வைத்துக்கொள்ளுங்கள். கேன்வாஸில் குறைவாகவே போதும், நெசவு மறைத்துவிடும். அப்புறம், பிரிண்ட் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது பிக்சலைக் குறைத்துவிடும்.