பட்டனை அமுக்குவதற்கு நாலு வருடமா?

போன வாரம் பாபநாசத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, தூரத்து உறவில் எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப்போய், தம் மகளுக்குத் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு கிடைக்கும்போல் இருக்கிறது என்றார். குறுவைக்கு நாற்று விட்டிருக்கும் நேரத்தில் கல்லூரிக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் பணம் புரட்ட வேண்டிய கவலை அவருக்கு. "ஏம்ப்பா தம்பி, இப்ப எல்லாம் மெஷின்தானே பாக்குது? பட்டனை அமுக்குறதுக்கு நாலு வருசம் படிக்கணுமா?" என்று கேட்டார். வெற்றிலைத் தட்டோடு ஒருவர் குறுக்கே வந்துவிட்டதால் அப்போது ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இந்த மாதம் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

மெஷின் வந்துவிட்டதால்தான் நான்கு ஆண்டு படிக்க வேண்டியிருக்கிறது என்பது என் கருத்து.

நான் 1990களின் பிற்பகுதியில் பட்டயப் படிப்பாக இதைத் தொடங்கியவன். அன்றைக்கு ஹீமோகுளோபின் பார்ப்பதென்றால் சாஹ்லி குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் குறி வரை விட்டு, 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை அதில் மெல்ல ஊதிச் சேர்த்து, பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும் வரை கலக்கிக்கொண்டிருப்போம். அந்த முறையின் துல்லியத்தைப் பற்றிப் பெருமை பேச எதுவும் இல்லை. ஒரே ரத்தத்தில் இரண்டு பேர் இரண்டு அளவு சொல்வோம். ஆனால் ரத்தம் உறைந்திருந்தால் பிப்பெட்டில் ஏறும்போதே கைக்குத் தெரிந்துவிடும். சிவப்பணுக்கள் உடைந்திருந்தால், ரத்தம் உறைந்தபின் மேலே பிரியும் நீரான சீரத்தின் நிறம் கண்ணில் படும். தவறு நடந்தால் அது நம் கை வழியாகத்தான் நடந்தாக வேண்டும் என்பதால், தவறைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் நம் கையிலேயே இருந்தது. இன்றைய அனலைசர் ஒரு நிமிடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட எண்களை அச்சடித்துத் தருகிறது. சில நேரம் எச்சரிக்கைக் குறி போடும். பல நேரம் தப்பான ரத்தத்துக்கும் தடங்கலின்றி ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். அந்த எண்ணை நம்பலாமா என்று கேட்பதுதான் இப்போது ஆய்வகத்தில் மனிதருக்கு மிச்சமிருக்கும் வேலை. அந்தக் கேள்வியைக் கேட்க உடலியங்கியலும் உயிர்வேதியியலும் கருவியின் உள்வேலையும் சேர்ந்தே தெரிந்திருக்க வேண்டும்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் முதல் நாளே ஒரு கணக்குப் போடுவேன். புறநோயாளிப் பிரிவுக்கு நடந்து வந்து, வரிசையில் நின்று, பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொண்டு ரத்தம் கொடுத்துவிட்டுப் போன ஒருவருக்குப் பொட்டாசியம் 9.8, கால்சியம் 4.1 என்று வந்திருக்கிறது, என்ன செய்வீர்கள்? பெரும்பாலானோர் உடனே மருத்துவருக்குச் சொல்வோம் என்பார்கள். உண்மையில் உயிருக்கே ஆபத்தான அப்படியொரு பொட்டாசியத்தோடு ஒருவர் வரிசையில் நின்று கதை பேசிக்கொண்டிருப்பது மிகவும் சந்தேகத்துக்குரிய காட்சி. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடப்படும் இ.டி.டி.ஏ. உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. அந்த உப்பு கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. சிவப்பு மூடி டியூபில் ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதா டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றிச் சமாளித்திருக்கிறார்கள். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கியிருப்பதைச் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர், அந்த ரிப்போர்ட்டை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார். தெரியாதவர் அனுப்பிவிடுவார், நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவார்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெங்கு வரும்போது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை எங்கள் பக்கத்தில் டீக்கடைப் பேச்சாகிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து காய்ச்சலோடு வந்த ஓர் இளைஞருக்குத் தட்டணு 38,000 என்று கருவி காட்டியது. அவர் வீட்டார் திருச்சிக்குக் கொண்டுபோக வண்டி பேசத் தொடங்கிவிட்டார்கள். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை மெல்லிசாக இழுத்து ஸ்மியர் போட்டு, லீஷ்மன் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஸ்மியரின் வால் முனையில் தட்டணுக்கள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. சிலருடைய ரத்தத்தில் இ.டி.டி.ஏ. பட்டாலே தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தத் திட்டுகளைக் கருவி தட்டணுவாக எண்ணாது. நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து ஓட்டினோம்: 1,54,000 வந்தது. சிட்ரேட் கரைசல் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கலப்பதால் வந்த எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஏறத்தாழ 1,69,000. வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். முதல் எண்ணை அச்சடித்துக் கொடுக்கவிருந்த பயிற்சி மாணவியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட அவள் தட்டணுத் திட்டைத் தன் கண்ணால் பார்த்ததில்லை என்று சொன்னபோது, அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மேல்தான் கோபம் வந்தது.

இது படிப்பின் தவறா, படிப்பிக்கும் விதத்தின் தவறா என்று கேட்டால், இரண்டாவதுதான். பாடத்திட்டத்தில் எல்லாமே இருக்கிறது. ஆனால் செய்முறை வகுப்பு பெரும்பாலும் ரெக்கார்டு நோட்டுக்காக நடக்கிறது. இளஞ்சிவப்பும் ஊதாவுமாகக் கலர் பென்சிலில் வரைந்த அணுக்கள் முந்தைய ஆண்டு சீனியரின் நோட்டிலிருந்து வருகின்றன. மைக்ராஸ்கோப்பிலிருந்து வருவது குறைவு. அதனால்தான் எல்லா நோட்டிலும் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு ஒரே இடத்தில் இருக்கிறது. பாஸ்பரஸ் அளக்கும் ஃபிஸ்கே–சுப்பராவ் முறையை வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் ஒப்பிப்பார்கள். அந்தச் சுப்பராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1925இல் அமெரிக்காவில் அந்த முறையை வெளியிட்டவர் என்று சொன்னால் வியப்போடு பார்ப்பார்கள். யாரோ வெள்ளைக்காரர் பெயர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்போலும். அது போகட்டும்.

எனக்குக் கிடைத்த நல்ல பாடம் ஒன்று வகுப்பறைக்கு வெளியே கிடைத்தது. கும்பகோணம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊர் என்பதை இந்தப் பக்கத்து மூத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாணவனாக இருந்தபோது இரவு ரத்தப் பரிசோதனைக் குழுவோடு சில நாட்கள் தெருக்களுக்குப் போயிருக்கிறேன். எட்டரை மணிக்கு மேல் வீடு வீடாகக் கதவைத் தட்டி, தூங்கப் போகிறவர்களை எழுப்பி, விரல் நுனியில் குத்தித் தடிமனாக ரத்தத் துளி எடுப்போம். வசவு கிடைக்கும். பகலில் வந்தால் என்ன என்று கேட்காதவர் இல்லை. யானைக்கால் நோயைத் தரும் புழுவின் நுண்குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் தங்கியிருந்துவிட்டு, க்யூலெக்ஸ் கொசு கடிக்க வரும் இரவு நேரத்தில்தான் வெளிப்புற ரத்த ஓட்டத்துக்கு வருகின்றன. பகலில் எடுத்த ரத்தத்தில் எத்தனை நல்ல மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்த்தாலும் ‘இல்லை’ என்றுதான் பெரும்பாலும் வரும். அப்போது சோதனை சரியாகவே நடந்திருக்கும். ரத்தம் எடுத்த நேரம்தான் தப்பு. ஆய்வக அறிவியலில் பாதி, சாம்பிள் நம் மேசைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பதை ஒரு முழு பருவத்து வகுப்புகளைவிட அந்தச் சில இரவுகள் எனக்கு நன்றாகப் புரியவைத்தன.

அதே பாடம் இன்று சர்க்கரைப் பரிசோதனைக்குப் பொருந்துகிறது. டெல்டா கிராமங்களில் ரத்தம் சேகரிக்கும் மையங்கள் முளைத்திருக்கின்றன; காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் பையில் ஏறி, இருசக்கர வாகனத்திலோ பேருந்திலோ தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகிறது. டியூபுக்குள் இருக்கும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அணுக்களைப் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை சர்க்கரை குறைகிறது என்பது பாடப்புத்தகக் கணக்கு. வெயிலில் இன்னும் கூடும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்று கொள்ளும்போது, உண்மையில் 130 இருக்கும் ஒருவருக்கு இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு 115 என்று வந்தால், அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். சாம்பல் மூடி ஃப்ளூரைடு டியூபில் எடுத்துவிட்டால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஃப்ளூரைடும் முதல் ஓரிரு மணி நேரத்தில் இந்த இழப்பை முழுதாகத் தடுப்பதில்லை. உடனே அணுக்களிலிருந்து பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியைப் பிரிப்பதோ பனிக்கட்டியில் வைத்து அனுப்புவதோதான் வழி. இதைத் தெரிந்த ஒருவர் அந்தக் கிராம மையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஊசி குத்தத் தெரிந்தவர் மட்டுமே.

‘கடைசிக் கையெழுத்து நோய்க்குறியியல் மருத்துவருடையதுதானே, சந்தேகப்படுவது அவர் வேலை’ என்று சொல்பவர்கள் உண்டு. அவருடைய அறிவில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் முன்னால் வருவது எண். டியூபைப் பார்த்தவர் நாம். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையிலேயே ரத்தம் எடுத்திருக்கிறார்கள் என்பதும், டியூபில் பாதிதான் ரத்தம் இருந்தது என்பதும், அன்று காலை கன்ட்ரோல் எங்கே விழுந்தது என்பதும் தாளில் அச்சாவதில்லை.

கன்ட்ரோல் என்று சொன்னேன். லெவியும் ஜென்னிங்ஸும் 1950இல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த வரைபடத்தையும், வெஸ்ட்கார்டு 1981இல் வகுத்த விதிகளையும் மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். அளவு தெரிந்த ஒரு சாம்பிளைத் தினமும் ஓட்டி, விடை எதிர்பார்த்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் விஷயம். கருவி நன்றாக இருந்தாலும் சுமார் இருபதில் ஒரு முறை சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் என்று வைத்த எல்லைக்கு வெளியே விழும் என்பது புள்ளியியல். ஆகவே எப்போது பொறுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு விதி தேவைப்படுகிறது. நடைமுறையில் நான் பார்த்தது வேறு. முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில், கன்ட்ரோல் எல்லைக்குள் விழும் வரை திரும்பத் திரும்ப ஓட்டி, விழுந்ததை மட்டும் நோட்டில் எழுதுவார்கள். ஆய்வுக்கு ஆள் வருவதாகத் தெரிந்தால் ஒரு மாதத்து வரைபடத்தை ஒரே இரவில் ஒரே பேனாவில் வரைவார்கள். நானும் அதில் புள்ளி வைத்திருக்கிறேன். முதல் வேலை, வாய் திறக்கத் தைரியம் இல்லை.

2021இல் வந்த தேசிய இணை மற்றும் நலப் பராமரிப்புத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் இந்தத் தொழிலுக்கு ஒரு சட்டப்பூர்வ இடத்தைக் கொடுத்திருக்கிறது, அதை வரவேற்கிறேன். இணைத் தொழிலருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, நலப் பராமரிப்புத் தொழிலருக்குக் குறைந்தது 3,600 மணி நேரம் என்று அது கணக்கு வைக்கிறது. மணி நேரத்தை எண்ணுவதோடு அது எப்படிக் கழிகிறது என்பதையும் யாராவது எண்ண வேண்டும். கடைசி ஓராண்டுப் பயிற்சியில் பிள்ளைகள் பில் போடுகிறார்கள், வார்டுக்கும் லேபுக்கும் டியூப் தூக்குகிறார்கள், ஆள் பற்றாக்குறை உள்ள இரவில் மேற்பார்வை இல்லாமல் தனியே உட்காருகிறார்கள். சம்பளம் இல்லாத ஆளாக ஒரு வருடம் உழைத்தவருக்கு, வேலைக்குச் சேர்ந்ததும் பல தனியார் லேபுகளில் கொடுப்பது கொத்தனார் கூலியை எட்டாத தொகை. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இதை மறைத்து அண்ணனிடம் ஆசை காட்ட எனக்கு மனமில்லை.

இத்தனைக்குப் பிறகும் சேர்த்துவிடுங்கள் என்றுதான் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஆனால் கல்லூரியைப் பார்த்துச் சேர்க்கச் சொன்னேன். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். சொந்த மருத்துவமனை லேபில் ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள் வருகிறது, ஒரு மைக்ராஸ்கோப்புக்கு எத்தனை மாணவர், கன்ட்ரோல் வரைபடத்தை மாணவர்கள் தினமும் பார்க்கிறார்களா, இரவுப் பணியில் அவர்களோடு மூத்தவர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு மகளிடம் தொலைபேசியைக் கொடுத்தார். பட்டன் கேள்வியை அவள் கேட்கவில்லை. அப்பா இடையிலே ஸ்பீக்கரில் போட்டிருப்பார்போல. நான் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"சித்தப்பா, காலையில அந்தக் கன்ட்ரோல் சரியா வரலைன்னா, வெறும் வயித்தோட வந்து உக்காந்திருக்கிறவங்களை என்ன பண்ணுவீங்க?"

ரத்தத்தை எடுத்துக்கொண்டு சாப்பிட அனுப்பிவிடுவோம், ரிப்போர்ட்டை மட்டும் நிறுத்தி வைப்போம் என்றேன். புதிதாக ஒரு கன்ட்ரோல் குப்பியைத் திறந்து ஒரு முறை ஓட்டுவோம். அதிலும் தப்பினால் சோதனைக்கு ஊற்றும் ரசாயனமான ரீஏஜென்ட்டின் தேதியைப் பார்த்து, மாற்றி, கருவியை மறுபடி அளவு திருத்துவோம். அதற்குள் கவுண்டரில் இரண்டு பேர் சண்டைக்கு வந்திருப்பார்கள். எல்லாம் சரியான பிறகு, கடைசியாகச் சரியாக விழுந்த கன்ட்ரோலுக்கும் இதற்கும் இடையில் போன ரிப்போர்ட்டுகளை எடுத்து, அந்தச் சாம்பிள்களைத் திரும்ப ஓட்டிப் பார்ப்போம் என்றேன். ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுபோனவர்களை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்டாள். போன் செய்து கூப்பிட வேண்டும் என்றேன்.