நூறு வரை ஒப்பித்தால் கணக்கு வந்துவிட்டதா?

"மூன்று வயதுக்குள் நூறு வரை சொல்லாத குழந்தை கணக்கில் பின்தங்கிவிடும், விரல் விட்டு எண்ண விடாதீர்கள்" என்று ஒரு செய்தி பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஒப்பிப்பது வேறு, எண்ணிக்கை புரிவது வேறு. வீட்டிலேயே பார்க்கலாம். பத்துப் புளியங்கொட்டையைக் குழந்தை முன் வையுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு, பத்து வரை அழகாக எண்ணும். சரி, "அதில் நாலு கொடு" என்று கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டதும் இதுதான். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்பது பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதையொட்டித்தான் பிடிபடுகிறது. அதற்கு முன்பு 'ஒன்று' என்றால் எத்தனை என்று புரியும், அப்புறம் 'இரண்டு', அப்புறம் 'மூன்று' என்று மாதக்கணக்கில் போகும்.

பெரியவர்களுக்குச் சுலபமாகத் தெரியும் இந்த வேலையில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். எதை எண்ணியாயிற்று என்று நினைவில் வைக்க வேண்டும். ஒரு கொட்டைக்கு ஒரு சொல்தான் சொல்ல வேண்டும். நாலு வந்ததும் கையை நிறுத்த வேண்டும். நினைவு, கவனம், தன்னை அடக்கும் திறன் மூன்றும் சேர்ந்தால்தான் அது நடக்கும். அந்த நினைவின் சுமையை இறக்கி வைக்கத்தான் குழந்தை விரலை நீட்டுகிறது. தயவுசெய்து தடுக்காதீர்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். ஒன்று குறைந்தால் திட்ட வேண்டாம், "யாருக்கு இல்லை?" என்று மட்டும் கேளுங்கள்.