வெள்ளையடித்த சுவரையும் படம் எடுங்கள்

2011 எகிப்தியப் புரட்சி தொடங்கிய நாளான ஜனவரி 25 வந்தால், ஒவ்வொரு வருஷமும் ஒரு சுவரோவியத்தின் படம் என் டைம்லைனுக்கு வந்துவிடும். ஒரு பக்கம் டாங்கி. எதிர்ப்பக்கம் சைக்கிளில் ஒருவன், தலையில் பெரிய தட்டு, தட்டு நிறைய ரொட்டி. டாங்கியின் குழல் நேராக அவனைப் பார்த்து நீண்டிருக்கும். மேலே "எகிப்தியப் புரட்சியின் அடையாளம்", "கலையின் வலிமை" என்று ஏதாவது ஒரு வரி. எப்போது வரைந்தது, எந்த இடம், அந்தச் சுவருக்கு அப்புறம் என்ன ஆனது என்று ஒரு வார்த்தை இருக்காது.

எனக்கு இதைப் பார்த்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அந்தச் சுவரில் நடந்ததில் கால்வாசிகூட அந்தப் படத்தில் இல்லை.

2011 மே மாதம், கெய்ரோவின் ஸமாலெக் பகுதியில், அக்டோபர் 6 பாலத்துக்குக் கீழே கன்சீர் என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் வரைந்தது அது. அதிபர் முபாரக் பதவி விலகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆட்சி இராணுவக் குழுவின் கையில். "இராணுவமும் மக்களும் ஒரே கை" என்ற கோஷத்தை நிறையப் பேர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ரொட்டிக்காரனுக்கு எதிரே டாங்கியைக் கொண்டுவந்து நிறுத்த ஒரு தைரியம் வேண்டும். தேதி தெரியாதவருக்கு அந்தத் தைரியம் கண்ணிலேயே படாது.

சைக்கிளுக்குப் பின்னால் தொங்கிய முகத்தோடு ஒரு பாண்டா நடந்து வரும். அதை வரைந்தவர் வேறு ஆள். சேட் பாண்டா என்ற பெயரில் ஊரெங்கும் பாண்டா வரைந்தவர். சரி, இதுவரை எல்லோரும் பார்த்த படம்.

அந்த அக்டோபரில் மஸ்பெரோ தொலைக்காட்சிக் கட்டடத்துக்கு முன்னால், கோப்டிக் கிறிஸ்தவர்களின் ஊர்வலத்துக்குள் இராணுவ வண்டிகள் புகுந்தன. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2012 ஜனவரியில் வேறு ஓவியர்கள் அதே பாலத்தடிக்கு வந்து, அதே டாங்கிக்குக் கீழே நசுங்கும் மனிதர்களையும் ரத்தத்தையும் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் இராணுவ ஆதரவாளர்கள் வந்தார்கள். மனிதர்களை மட்டும் பெயிண்ட் அடித்து மறைத்தார்கள், டாங்கியை விட்டுவைத்தார்கள். அதற்கும் சும்மா இருக்காமல் இன்னொரு குழு வந்து, ஆளை விழுங்கும் இராணுவ அரக்கன் ஒன்றை அங்கே வரைந்தது.

ஆக ஒன்பது மாதத்துக்குள் நாலு தரப்பு ஒரே சுவரில் சண்டை போட்டிருக்கிறது. நாம் முதல் ஆள் பேசியதை மட்டும் கத்தரித்து எடுத்து, "கலை வாழ்க" என்று போட்டுக்கொண்டிருக்கிறோம்.

புரட்சி நடந்த ஊரில் சுவரை ஆவணப்படுத்த நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: அழகான ஓவியத்தைத் தேடி ஊர் முழுக்கச் சுற்றாதீர்கள். ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு அதனிடமே திரும்பத் திரும்பப் போங்கள். வெள்ளையடித்து ஒன்றுமே இல்லாமல் கிடக்கும் நாளில் கட்டாயம் போங்கள்.

முகமது மஹ்மூத் தெருவை எடுத்துக்கொள்ளலாம். தஹ்ரீர் சதுக்கத்திலிருந்து உள்துறை அமைச்சகம் இருந்த பக்கம் போகும் தெரு அது. கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பழைய வளாகச் சுவர் அதை ஒட்டி நீளமாக ஓடும். 2011 நவம்பர் 19 தொடங்கிச் சில நாட்கள் போலீசுக்கும் போராட்டக்காரர்களுக்கும் அங்கே நடந்த மோதலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். முகத்தைக் குறிவைத்துச் சுட்டதில் பலருக்குக் கண் போனது. அகமது ஹராரா என்ற பல் மருத்துவர் அதே ஆண்டு ஜனவரி 28 அன்று ஒரு கண்ணை இழந்திருந்தார். நவம்பர் 19 அன்று மற்றக் கண்ணும் போனது. மக்கள் அந்தத் தெருவுக்குச் 'சுதந்திரத்தின் கண்கள் தெரு' என்று பெயர் வைத்தார்கள்.

2012 பிப்ரவரி 1 அன்று போர்ட் சயீத் மைதானத்தில் அல் அஹ்லி என்ற கெய்ரோ கால்பந்து அணியின் ரசிகர்கள் எழுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். உடனே லக்சர் நுண்கலைக் கல்லூரியில் பாடம் நடத்திய அம்மார் அபு பக்ர், அலா அவத் இருவரும் இந்தச் சுவருக்கு வந்தார்கள். அபு பக்ர் இறந்த பையன்களின் முகங்களை வரைந்தார். அவத் பழைய எகிப்தியக் கல்லறைகளில் இருக்கும் ஒப்பாரிப் பெண்களைப் போல ஒரு கூட்டத்தை வரைந்தார். லக்சரில் வேலை பார்த்தவருக்கு அந்தக் கல்லறைகள் பக்கத்துத் தெரு மாதிரி.

உலகப் பத்திரிகைகள் எல்லாம் இதைப் படம் எடுத்தன. ஆனால் அந்த மே மாதம், அதிபர் தேர்தல் நேரத்தில், அபு பக்ர் தானே தன் முகங்களின் மேல் வரைந்தார். மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மாக்கள். கூடவே, போனவர்களை மறந்துவிட்டுத் தேர்தல் பின்னால் போங்கள் என்று குத்தலாக ஒரு வரி. ஓவியரே அழித்திருக்கிறார். "ஐயோ அந்த அருமையான ஓவியம் போச்சே" என்று அப்போது புலம்பியவர்களுக்கு, முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவில் ஊரில் என்ன நடந்தது என்பதில் அக்கறை இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

2012 செப்டம்பரில், முர்சி அதிபராக இருந்தபோது, ஒரு ராத்திரி மாநகராட்சி ஆட்கள் போலீஸ் காவலோடு வந்து அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பிரதமரே அது தப்பு என்று சொல்லவேண்டி வந்தது. உடனே அபு பக்ர் அந்த வெள்ளையின் மேல் பச்சை முகம் ஒன்றை வரைந்தார், நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டும் முகம். பக்கத்தில், "இன்னும் அழி, கோழை ஆட்சியே" என்பது போல ஒரு வசை. அந்த முகத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது ஒரு வேடிக்கைப் படம். முந்தைய நாள் இருந்த வெள்ளைச் சுவரையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் அது பதில். எத்தனை பேர் அந்த வெள்ளைச் சுவரைப் படம் எடுத்திருப்பார்கள் சொல்லுங்கள்?

அதே தெரு முனையில் இன்னொரு முகம் இருந்தது. பாதி முபாரக், பாதி இராணுவக் குழுத் தலைவர் தந்தாவி. நெற்றியிலிருந்து தாடை வரை நேர்க்கோடு போட்டுப் பிரித்தது. கீழே "பொறுப்பை ஒப்படைத்தவன் சாகவில்லை" என்று எழுத்து. பிள்ளை பெற்றவன் சாகவில்லை என்ற எகிப்தியப் பழமொழியைத் திருப்பிப் போட்ட வரி அது. உமர் ஃபத்ஹி என்ற ஓவியர் வரைந்தது அது. அழித்தார்கள், அவர் திரும்ப வரைந்தார். அதிபர் தேர்தல் வந்தபோது வேட்பாளர்கள் அம்ர் மூசா, அகமது ஷபீக் முகங்களும் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. எந்த முகம் எந்த மாதம் சேர்ந்தது என்று வரிசையாகப் பார்த்தாலே பாதி அரசியல் வரலாறு கிடைத்துவிடும். வரியை எழுத்துக்கு எழுத்து குறித்துவைக்காமல் படத்தை மட்டும் வைத்திருந்தால் அந்த நக்கல் அங்கேயே தொலைந்தது.

தள்ளி நின்று எடுக்கவேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கான்கிரீட் தடுப்புகள். உள்துறை அமைச்சகத்தைச் சுற்றிய தெருக்களை இராணுவம் பெரிய கான்கிரீட் கட்டைகளை அடுக்கி அடைத்திருந்தது. 2012 மார்ச்சில் ஓவியர்கள் அந்தக் கட்டைகள் மேலேயே, பின்னால் மறைந்துபோன தெருவை அப்படியே தொடர்வது போல வரைந்தார்கள். அதே கட்டடம், அதே மரம், தெரு தொடர்ந்து போகிற மாதிரி. நெருக்கமாகக் கத்தரித்த படத்தில் அது வெறும் தெருக்காட்சி. நாலடி பின்னால் வந்து, கட்டைகளின் இடுக்கும் நடைபாதையும் தெரிகிற மாதிரி எடுத்தால்தான் இங்கே வழி இல்லை என்பது தெரியும்.

இன்னொரு குறை. படம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஓவியத்தைத்தான் எடுத்தார்கள், கிறுக்கலை விட்டுவிட்டார்கள். அல் அஹ்லியின் தீவிர ரசிகர் கூட்டத்தினர் புரட்சிக்கு முன்பே சுவரில் எழுதிப் பழகியவர்கள். ஊர் முழுக்க ஏ.சி.ஏ.பி. ('போலீஸ் எல்லாரும் அயோக்கியர்கள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போலீசைத் திட்டி ஸ்பிரே அடித்தார்கள். கோணல் எழுத்து, வழியும் பெயிண்ட், பச்சை பச்சையான வசவு. கண்காட்சியில் வைக்க லாயக்கில்லைதான். ஆனால் தெருவில் நின்றவன் என்ன மனநிலையில் நின்றான் என்று தெரியவேண்டுமென்றால் எனக்கு அந்தக் கிறுக்கல்தான் வேண்டும்.

ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியர் மோனா அபாசா (2021 இல் காலமானார்) அந்தத் தெருவுக்கு விடாமல் போய், அடுக்கு அடுக்காக மாறியதை எழுதிவைத்தார். மொசிரீன் என்ற வீடியோக் குழு 2018 ஜனவரியில் 858 மணிநேரக் காட்சிகளை இணையத்தில் திறந்துவைத்தது. அது தெருவின் மொத்தப் பதிவு, ஓவியத்துக்கென்று எடுத்ததல்ல. எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

ஆனால் படம் எடுப்பது எப்போதும் நல்ல காரியம்தான் என்று சொல்லமாட்டேன். 2013 இல் இராணுவம் முர்சியைப் பதவியிலிருந்து இறக்கிய பிறகு காற்று மாறியது. சுவர்ப் படங்களைத் தொகுத்த ஒரு புத்தகத்தின் பிரதிகளை 2015 இல் எகிப்தின் சுங்கத்துறை பிடித்துவைத்தது, கலகத்தைத் தூண்டுகிறதாம். வரைபவரின் முகமும் பக்கத்தில் நிற்பவரின் முகமும் தெரியும் படம், நாளைக்கு யார் கையில் போகும் என்று யாருக்கும் தெரியாது. முகம் தெரிந்தால் போடாதீர்கள். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காத்திருங்கள். "ஆவணம்தானே, எல்லோரும் பார்க்கட்டும்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் விமானம் ஏறி ஊருக்குப் போய்விடக்கூடியவர்கள்.

அந்தச் சுவரைக் கண்ணாடி போட்டுக் காப்பாற்றியிருக்கவேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணாடி போட்ட நாளோடு அடுத்த ஆள் பதில் வரையமுடியாது. 2013 நவம்பரில் தஹ்ரீரில் அரசாங்கமே தியாகிகளுக்கு என்று ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடித்தளம் போட்டது. சில மணி நேரத்தில் மக்கள் அதை அடித்து நொறுக்கி எழுதித் தள்ளிவிட்டார்கள். கொன்றவனே நினைவுச் சின்னம் வைத்தால் வேறு என்ன நடக்கும்? இப்போது சதுக்கத்தின் நடுவில் இரண்டாம் ராம்சேஸ் காலத்துத் தூணும், கர்னாக்கிலிருந்து கொண்டுவந்த ஸ்பிங்ஸ் சிலைகளும் நிற்கின்றன. முகமது மஹ்மூத் தெருச் சுவரின் ஒரு பகுதியை 2015 இல் பல்கலைக்கழகமே இடித்துவிட்டது.

சுவர் போய்விட்டதால்தான் கேட்கிறேன். என் நட்பு வட்டத்தில் 2011க்கும் 2014க்கும் நடுவில் வேலைக்கோ சுற்றுலாவுக்கோ கெய்ரோ போனவர்கள் இருந்தால், அந்தப் பழைய கேமராவையும் ஹார்ட் டிஸ்க்கையும் கொஞ்சம் தேடிப் பாருங்கள். நீங்கள் நின்று போஸ் கொடுத்த படத்தின் பின்னால் ஒரு சுவர் தெரிந்தால் போதும். அதை இங்கே ஏற்றிவிட்டு ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள். ஃபேஸ்புக்கில் ஏற்றினால் படத்தோடு ஒட்டியிருக்கும் தேதியும் இடமும் உதிர்ந்துவிடும், திரும்ப இறக்கினால் வெறும் படம்தான் வரும். ஒரிஜினல் ஃபைலை அப்படியே எனக்கு மெயிலில் அனுப்புங்கள். வெள்ளைச் சுவராக இருந்தால் முதலில் அனுப்புங்கள்.