ரேம் 32 ஜிபி இருக்கு, மெமரி மட்டும் இல்லையாம்

ஓடுபாதைக்கு இன்னும் நான்கே மைல். உயரம் 1300 அடி. சக்கரத்தை இறக்கியாயிற்று, இறக்கையின் ஃபிளாப் 30, இனி காற்றுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு இறக்க வேண்டியதுதான் பாக்கி. சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு துபாயிலிருந்து கிளப்பிய போயிங் 777 விமானம். ஈராக், துருக்கி, கருங்கடல், ருமேனியா, ஹங்கேரி என்று ஏழு மணி நேரம் கொண்டுவந்து, லண்டனுக்குப் பக்கத்தில் லாம்போர்ன் என்கிற இடத்தின் மேல் ஒரு சுற்று காத்திருந்து, ஹீத்ரோவின் 27 லெஃப்ட் ஓடுபாதைக்கு வழிகாட்டுகிற ஐஎல்எஸ் ரேடியோவைப் பிடித்து, வலப்பக்க ஜன்னலில் லண்டன் முழுக்க விளக்காகத் தெரிகிற அந்த நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. ஸ்டிக்கை ஆட்டினேன், அசையவில்லை. அரை நிமிடம் கழித்து நடுத்திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. கணினியில் மெமரி தீர்ந்துவிட்டதாம். கணினியில் விமானம் ஓட்டுகிற இந்த சிமுலேட்டரை மூடிவிட்டு மறுபடி திறக்கணுமாம். இருந்த ஒரே பொத்தான் ஓகே.

எதுக்கு ஓகே? மணி காலை நான்கு. என்னிடம் இருப்பது 32 ஜிபி ரேம். அந்த நிமிடமே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன், அதில் 20 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. வீடு நிறைய அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு, அரிசி இல்லை என்று ஒருவன் சொன்னால் வருகிற கோபம்தான் எனக்கும் வந்தது.

இது முதல் தடவை இல்லை. ஆறேழு மாதத்தில் பதினொன்றாவது தடவை. பதினொன்றும் பயணத்தின் கடைசி இருபது நிமிடத்தில்தான். கிளம்பும்போது விழுந்தால்கூட மனசு ஆறும், போகட்டும் என்று படுத்துவிடலாம். ஏழு மணி நேரம் உட்கார்ந்தவனை இறங்குகிற நேரத்தில் தள்ளிவிடுகிற இந்தக் கொடுமையை, இந்தப் பொழுதுபோக்கில் இல்லாதவர்களிடம் சொன்னால் "கேம்தானே, விடு" என்கிறார்கள். கேம் இல்லைங்க. எரிபொருள் கணக்குப் போட்டு, வானிலை பார்த்து, வழியை எழுதி, வாரம் முழுக்க அந்த ஒரு ராத்திரிக்காகக் காத்திருந்து செய்கிற வேலை அது.

முதல் இரண்டு தடவை அந்தப் பெட்டி சொன்னதை அப்படியே நம்பினேன். மெமரி தீர்ந்தது என்றால் மெமரி வாங்கவேண்டும், அவ்வளவுதானே? அப்போது என்னிடம் 16 ஜிபி இருந்தது. கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில், ரேமைக் கூட்டு. கடையிலும் போய் விஷயத்தை விளக்கமாகச் சொன்னேன், எந்த சிமுலேட்டர், எத்தனை வருஷப் பழசு, என்ன எழுத்து வருகிறது என்று எல்லாவற்றையும். "சார், இதுக்கு 32 ஜிபி போட்டாத்தான் சரியா இருக்கும், கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். வாங்கினேன். மாட்டினேன். அடுத்த சனிக்கிழமை அதே ஹீத்ரோ, அதே இடம், அதே பெட்டி.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ரத்தம் கொதித்தது.

நான் ஓட்டுவது பழைய 32-பிட் சிமுலேட்டர். 32-பிட் நிரல் ஒன்று மெமரியில் ஒரு பொருளை வைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலாசம் எழுதவேண்டும், அந்த விலாசத்துக்கு 32 இலக்கம்தான், ஒவ்வொன்றும் சுழியம் அல்லது ஒன்று. ஆக மொத்தம் 429,49,67,296 விலாசங்கள். ஒரு விலாசத்துக்கு ஒரு பைட். கூட்டினால் சரியாக 4 ஜிபி. அதற்கு மேல் ஒரு பைட்டுக்குக்கூட அந்த நிரலால் விலாசம் எழுத முடியாது. நீங்கள் 32 ஜிபி மாட்டுங்கள், 128 மாட்டுங்கள், அதற்குத் தெரியவே தெரியாது. ஊருக்கு வெளியே எத்தனை ஏக்கர் மனை வாங்கிப்போட்டாலும், நகராட்சிப் பதிவேட்டில் கதவு எண் எழுதுகிற கட்டம் நிரம்பிவிட்டால் புது வீட்டுக்கு எண் கிடையாது, எண் இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் வரமாட்டார். அதே கதைதான். அந்த 4 ஜிபிகூட 64-பிட் விண்டோஸில் ஓட்டினால்தான், அதுவும் 2 ஜிபிக்கு மேல் விலாசம் கையாளத் தெரியும் என்று நிரலுக்குள்ளேயே குறித்து வைத்திருந்தால்தான். 32-பிட் விண்டோஸில் சாதாரணமாகக் கிடைப்பது 2 ஜிபி.

அப்படியானால் தீர்ந்தது ரேம் இல்லை, விலாசம். இதை அந்தப் பெட்டியில் எழுத என்ன கேடு? "இந்த நிரலின் விலாச இடம் தீர்ந்துவிட்டது, ரேம் வாங்கிப் பயனில்லை" என்று ஒரே வரி. அந்த வரி இருந்திருந்தால் என் காசு என் சட்டைப்பையில் இருந்திருக்கும். நான் மட்டுமா, இந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு ரேம் கடைக்கு ஓடியவர்களை எனக்கே நிறையப் பேரைத் தெரியும். தவறான வார்த்தையைத் திரையில் போட்டால் மனிதர்கள் தவறான இடத்துக்குத்தான் போவார்கள்.

அடுத்த எரிச்சல், டாஸ்க் மேனேஜரில் இது தெரியாது. அங்கே பார்த்தால் சிமுலேட்டர் இரண்டரை ஜிபியோ என்னவோ தின்கிறது என்று காட்டும், நாமும் 4 ஜிபிக்கு இன்னும் தூரம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போம். அது காட்டுவது ரேமில் இப்போது உட்கார்ந்திருக்கிற பகுதியை. பிடித்துவைத்த விலாசம் மொத்தத்தையும் பார்க்கவேண்டுமென்றால் பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்கிற தனி நிரலில் விர்ச்சுவல் சைஸ் என்கிற பத்தியை நாமே தேடிச் சேர்க்கவேண்டும். அல்லது எஃப்எஸ்யுஐபிசி போன்ற துணை நிரலை வைத்து மிச்சத்தைப் பதிவு செய்யவேண்டும். நான் செய்தேன். ஒரு பழைய நோட்டில் அரை மணிக்கு ஒரு தடவை கையால் எழுதினேன். துபாயில் கதவை மூடும்போது மிச்சம் 1540 எம்பி. துருக்கி மேலே 1310. ஜெர்மனி முடியும்போது 1180. சரி, பிரச்சினை இல்லை என்று தோன்றும். ஆங்கிலக் கால்வாய் தாண்டி லண்டன் பக்கம் மூக்கைத் திருப்பினதும் 640. லாம்போர்னில் 410. ஓடுபாதைக்கு நேராகத் திரும்பும்போது 190. அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் டிங், டிங் என்று எச்சரிக்கை மணி. நோட்டில் அடுத்த வரி எழுத நேரமில்லை.

அந்த மணி ஆரம்பித்தால் கையில் இருப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில் ஒருவன் 777-ஐ இறக்குவானா, மெனுவுக்குள் போய்க் கட்டிடங்களை அணைப்பானா?

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. 190 எம்பி மிச்சம் என்றால் 190 எம்பியும் பயன்படும் என்று அர்த்தமில்லை. கல்யாணப் பந்தியில் அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக இருபது இலை காலியாக இருக்கும், ஆனால் எட்டுப் பேர் குடும்பமாகச் சேர்ந்து உட்கார வரிசையாக எட்டு இலை கிடைக்காது இல்லையா, விலாசமும் அப்படித்தான். பெரிய பொருளுக்குத் தொடர்ச்சியாக இடம் வேண்டும். ஏழு மணி நேரம் எடுத்தும் விட்டும் எடுத்தும் விட்டும் ஓடியதில் இடமெல்லாம் துண்டு துண்டாகிக் கிடக்கும். கேட்ட அளவுக்கு ஒரே துண்டு கிடைக்காத நொடியில் எல்லாம் முடிந்தது. நீண்ட பயணத்தில் மட்டும் ஏன் விழுகிறது என்கிற கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

மீதிப் பதில், சிமுலேட்டரில் சேர்க்கிற விமானம், விமான நிலையம் போன்ற கூடுதல் பொதிகள் விற்கிறவர்களிடம் இருக்கிறது. பெயர் சொல்லவில்லை, ஆனால் கோபம் இருக்கிறது. 1024-க்கு 1024 புள்ளி அளவில் ஒரு டெக்ஸ்சர், அதாவது பொருளின் மேல் ஒட்டுகிற படம், சாதாரணமாகச் சுருக்கி வைத்தால் சுமார் 1 எம்பி. அதையே 4096-க்கு 4096 ஆக்கினால் 16 எம்பி. சுருக்காமல் வைத்தால் 64. விமான நிலையப் பொதி ஒன்றில் நான் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். டெர்மினலுக்குப் பின்பக்கம், விமானத்திலிருந்து ஒருபோதும் தெரியாத ஒரு குப்பைத்தொட்டிக்கு 4096 டெக்ஸ்சர் வைத்திருக்கிறார்கள். சுருக்கவும் இல்லை. ஒரு குப்பைத்தொட்டிக்கு 64 எம்பி விலாசம்! நான் ஓடுபாதைக்கு நேரே வரும்போது மொத்தமாகக் கையில் இருந்ததே 190. இது 32-பிட் சிமுலேட்டருக்கு என்று அட்டையில் போட்டு விற்கிற பொருள், அந்த 4 ஜிபியை விமானமும் ஊரும் வானிலையும் மற்ற விமானங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று செய்தவருக்குத் தெரியாதா? தெரியும். விளம்பரப் படத்தில் பளபளப்பாகத் தெரிந்தால் போதும், ஏழு மணி நேரம் கழித்து யார் வீட்டில் விழுகிறது என்பது அவர் கவலை இல்லை. எழுதிக் கேட்டதற்கு வந்த பதிலில், எங்கள் பொதியில் பிரச்சினை இல்லை, உங்கள் அமைப்புகளைக் குறையுங்கள் என்றிருந்தது.

அமைப்பு என்றதும் இன்னொன்று. விமானத்தைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு நிலத்தை விவரமாக வரைவது என்று சொல்கிற இந்த எல்ஓடி ரேடியஸ் 4.5-ஐ 6.5 ஆக்கு, தூரத்து நிலம் தெளிவாகத் தெரியும் என்று கண்டவர்களும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், கையோடு கோப்பைத் திறந்து மாற்றவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். 4.5 எங்கே 6.5 எங்கே, கொஞ்சம்தானே என்று நானும் மாற்றினேன். அது ஆரம். பரப்பு ஆரத்தின் வர்க்கத்தில் ஏறும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு மடங்குக்கு மேல் நிலத்தைத் தூக்கிச் சுமக்கிறது. லண்டன் மாதிரி வீடு வீடாக நெருங்கிக் கிடக்கிற இடத்தில் அது என்ன ஆகும்? சொல்லிக் கொடுத்தவர் யாரும் இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லவில்லை.

"இதெல்லாம் எதுக்கு, 64-பிட்டுக்கு மாறிக்கொள்ளேன்" என்று இப்போது யாராவது ஆரம்பிப்பீர்கள், தெரியும். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர் 2013-லேயே 64-பிட் ஆனது, பிரீபேர்டு சிமுலேட்டர் 2017-ல் ஆனது, எனக்குத் தெரியாமல் இல்லை. நான் பல வருஷமாகக் காசு கொடுத்துச் சேர்த்த விமானங்களிலும் விமான நிலையங்களிலும் பல அங்கே வேலை செய்யாது, அவற்றை மறுபடி வாங்கவேண்டும். சரி, மாறினால் நிம்மதியா என்று பார்த்தால் அதுவும் இல்லை. என் சித்தப்பா பையன் புது சிமுலேட்டர்தான் ஓட்டுகிறான், 64-பிட், 16 ஜிபி ரேம். அவனுக்கும் விழுந்தது. "அண்ணா, நாலு ஜிபி ரேம் சும்மா இருக்கு, அப்புறம் எப்படி மெமரி இல்லைன்னு சொல்லுது?" என்று போனில் அழாத குறை. போய்ப் பார்த்தேன். யாரோ ஒருவர், எஸ்எஸ்டி தேய்ந்துவிடும், பேஜ் ஃபைலை எடுத்துவிடு என்று வீடியோவில் சொன்னதைக் கேட்டு, ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்துக்கொள்கிற அந்தக் கோப்பை முழுசாக அணைத்து வைத்திருக்கிறான்.

அதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். விண்டோஸ் ஒரு நிரலுக்கு மெமரி தருவதாக வாக்குக் கொடுத்தால் அந்த வாக்குக்கு ரேமிலோ பேஜ் ஃபைலிலோ ஈடு இருக்கவேண்டும். வாங்கின நிரல் இன்னும் தொடாத மெமரிக்கும் சேர்த்துத்தான் ஈடு. பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் மொத்த வாக்கின் எல்லை ரேம் அளவோடு நின்றுவிடும், அதனால் ரேமில் நாலு ஜிபி காலியாகத் தெரிந்துகொண்டே இருக்கும்போது புது வாக்கு கிடைக்காமல் நிரல் சாகும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டுகிற ஈவன்ட் வியூவரைத் திறந்தேன், 2004 என்ற எண்ணோடு அந்த எச்சரிக்கை தேதி நேரத்தோடு உட்கார்ந்திருந்தது, அதிகமாகத் தின்ற மூன்று நிரல்களின் பெயரோடு. முதலில் சிமுலேட்டர், இரண்டாவது அவனுடைய பிரவுசர். பேஜ் ஃபைலை விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். அதற்குப் பிறகு அவனுக்கு விழவில்லை. அந்த 2004 தகவல் கணினிக்கு உள்ளேயே இருந்தது! காரணம் கணினிக்குத் தெரிந்திருக்கிறது, நான்கு அடுக்கு மெனுவுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, திரையில் மட்டும் அந்த உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் மூடிக்கொண்டு போகிறது.

என் கதைக்கு வருகிறேன். ஆரத்தை 4.5-க்கே இறக்கினேன். 4096 டெக்ஸ்சர்களை ஒவ்வொன்றாகத் திறந்து 1024 ஆக்கிச் சுருக்கினேன், இரண்டு ஞாயிறு முழுசாகப் போயிற்று, அந்தக் குப்பைத்தொட்டியைத்தான் முதலில் செய்தேன். திரையில் படம் வரைகிற டைரக்ட்எக்ஸில் 9-ஐ விட்டு 10-க்குப் போனேன், 9-ல் டெக்ஸ்சர்களுக்கு இன்னொரு நகலை நிரலின் இடத்திலேயே வைத்துக்கொள்வதால் அங்கேயும் வீணாகிக்கொண்டிருந்தது. ஜெர்மனி மேலே பயணத்தைச் சேமித்து, சிமுலேட்டரை முழுசாக மூடி, திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் துண்டு துண்டான இடமெல்லாம் புதுசாகக் கிடைக்கிறது, அதையும் செய்கிறேன். அப்படியும் போதவில்லை. கடைசியில் கட்டிடங்களின் அடர்த்தியை இரண்டு படி இறக்கவேண்டி வந்தது.

போன சனிக்கிழமை 27 லெஃப்ட்டில் சக்கரம் தொட்டபோது மிச்சம் 388 எம்பி. மணி அடிக்கவில்லை, பெட்டி வரவில்லை. கேட்டுக்குப் போய் எஞ்சினை அணைத்தேன். ஆனால் அந்தக் கடைசி பத்து மைலில் வலப்பக்க ஜன்னலில் நான் பார்த்தது பாதி வீடுகள் இல்லாத லண்டன். தேம்ஸ் கரையில் அங்கங்கே வெறும் பச்சை நிலம். ஏழு மணி நேரம் நான் அந்தக் காட்சிக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.