குறைந்த தொகைக்கே வேலை என்பது சட்டமா?

"டெண்டர் என்றால் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை, சட்டம் அப்படி. நம் அடுக்குமாடிச் சங்கமும் இதை மீற முடியாது" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் சரியல்ல.

தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் அரசுத் துறைகள், உள்ளாட்சிகள் போன்றவற்றுக்கானது. தனியார் குடியிருப்புச் சங்கத்துக்கு அதன் துணைவிதிகளும் பொதுக்குழுத் தீர்மானமும்தான். அந்தச் சட்டமும் வெறும் தொகையைப் பார்க்கச் சொல்லவில்லை. டெண்டர் ஆவணத்தில் முன்பே குறிப்பிட்ட அளவுகோல்களின்படி மதிப்பிட்ட பிறகே எது குறைந்தது என்று முடிவு செய்யச் சொல்கிறது. தரத்தை முக்கியமாகக் கருதும் கட்டுமானப் பணிகளில் தொகை சாராத அம்சங்களுக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் தரலாம் என்று மத்திய நிதி அமைச்சகமே 2021 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் வெளிப்புறப் பெயின்ட் வேலைக்கு வெறும் "விலை தருக" என்று கேட்டோம். மிகக் குறைந்த தொகை சொன்னவர் சாரம் கட்டும் செலவைச் சேர்க்கவே இல்லை. விரிசல் அடைப்பும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்கூட "தனி"யாம்! பிழை அவருடையது அல்ல, நாங்கள் அனுப்பிய அரைப்பக்கக் கடிதத்தினுடையது. எத்தனை சதுர அடி, பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) எத்தனை பூச்சு, சாரம் யார் பொறுப்பு, மழைக்காலம் முடியும்வரை எவ்வளவு தொகையை நிறுத்தி வைப்போம் என்று எழுதி மறுபடி கேட்டபோது யார் தொகை குறைவு என்ற வரிசையே தலைகீழானது.